ஐந்தாவது பூச்சு

புதன்கிழமை, மாலை 4.05.

பாண்டுரங்கனின் மண்டையில் மூன்று அடி விழுந்திருந்தது. முதல் அடியிலேயே ஆள் சாய்ந்திருக்க வேண்டும். மற்ற இரண்டும் ஆத்திரத்துக்கு. உளியைத் தட்டுகிற அவருடைய மரச்சுத்தியல் பக்கத்திலேயே கிடந்தது. அதன் முகத்தில் ரத்தமும் நரைமுடியும் ஒட்டிக் காய்ந்திருந்தன.

ஏட்டு ஜெசிந்தா உடனே உள்ளே போகவில்லை. வாசலில் நின்று கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். திண்டிவனத்தில் மரக்காணம் சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. துப்பாக்கியின் மரக்கட்டைக்குக் கண்ணாடிப் பாலிஷ் போடுவதில் விழுப்புரம் மாவட்டத்திலேயே பாண்டுரங்கனை மிஞ்ச ஆள் கிடையாது. லைசென்ஸ் உள்ளவர்கள் இரும்பைக் கழற்றி வீட்டில் பூட்டிவிட்டு, கட்டையை மட்டும் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

இன்றைக்கும் ஒரு கட்டை உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தேன் நிறம். மேசைமேல் ஸ்பிரே கன், அதன் கிண்ணத்தில் பாதி பாலிஷ். சுவரில் ஒரு சிலேட்டு. எந்தப் பூச்சு எப்போது அடித்தது என்று அதில் பாண்டுரங்கனின் குண்டு எழுத்து:

1 - திங்கள் காலை
2 - திங்கள் சாயங்காலம்
3 - செவ்வாய் காலை
4 - புதன் 12.10, முடிஞ்சது

விழுப்புரத்திலிருந்து வந்திருந்த கைரேகைப் பிரிவு ராஜ்குமார் கட்டையை விரல்நுனியால் தொட்டார். கையுறை ஒட்டிக்கொண்டு வந்தது.

"பிசின் மாதிரி இழுக்குது மேடம். இதுல ரேகை ஒண்ணும் எடுக்க முடியாது."

"மத்தியானம் அடிச்ச பாலிஷ், காயல. இதுல இன்னாய்யா ஆராய்ச்சி?" என்றார் இன்ஸ்பெக்டர் ஜெகதீசன். "ஆளுதான் கையிலயே கீறானே."

ஆள் வெளியே ஜீப்பின் சக்கரத்தோடு சேர்த்து விலங்கிடப்பட்டிருந்தான். பெருமுக்கல் கிராமத்துச் சின்னக்கண்ணு. பாண்டுரங்கனிடம் ஆறு வருஷமாகக் கட்டைகளுக்கு உப்புத்தாள் தேய்த்தவன். ஒரு கட்டையில் கீறல் விட்டுவிட்டான் என்று போன வாரம் டீக்கடையில் எல்லார் எதிரிலும் பாண்டுரங்கன் அவனை அறைந்து விரட்டியிருந்தார். இன்று 3.40க்கு அவன் கொட்டகையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்ததைப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் பார்த்திருக்கிறார். பனியன் முழுக்க ரத்தம்.

"மன்னிப்பு கேட்டு வேலைக்கு வரலாம்னு வந்தேங்க. விழுந்து கெடந்தாரு. தூக்கி மடியில போட்டேங்க."

ஜெகதீசனின் பூட்ஸ் அவன் வாயில் இறங்கியது. இரண்டு பற்கள் மண்ணில் விழுந்தன.

பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த நேரத்தில் எங்கிருந்தாய் என்றதற்கு, பஸ் ஸ்டாண்டில் படுத்துத் தூங்கினேன் என்றான் சின்னக்கண்ணு. பார்த்தவர்கள் யாருமில்லை.

வியாழக்கிழமை, காலை 9.20.

ஸ்டேஷனின் பின்னறையில் லத்தி இறங்கும் சத்தம் ரைட்டர் மேசைவரை கேட்டது. மூன்று மணிக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவேண்டும். அதற்குள் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும் என்பது ஜெகதீசனின் கணக்கு. கேட்டுக்கு வெளியே சின்னக்கண்ணுவின் மனைவி பூமாலை வெயிலில் நின்றிருந்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் துள்ளியது.

கைப்பற்றிய பொருள்களுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் சட்டைக்கை மரக்கட்டையில் பட்டது. இழுத்தபோது துணி ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடிப் பையில் இருந்த ஸ்பிரே கன்னைச் சாய்த்துப் பார்த்தாள். கிண்ணத்தில் பாலிஷ் இன்னும் குழகுழவென்று நகர்ந்தது.

கல் மாதிரி இறுகும் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய பாலிஷ். இருபத்தொரு மணி நேரம் ஆகியும் இறுகவில்லை.

அவள் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். ஜெகதீசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு டீக்கு வெளியே வந்தார்.

"வாய தெறக்க மாட்டேங்கிறான். நீ போய் அன்பா கேளு ஏட்டம்மா."

சின்னக்கண்ணு சுவரோரம் சுருண்டு கிடந்தான். வலதுகை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. அவள் தண்ணீரை வாயில் ஊற்றினாள். பாதி ரத்தமாக வெளியே வந்தது.

"பாண்டுரங்கன் பாலிஷ் காய எவ்ளோ நேரம் ஆவும்?"

அவன் கண்ணைத் திறந்தான். இந்த ஸ்டேஷனில் அவனுக்குப் பதில் தெரிந்த முதல் கேள்வி அது.

"அரை மணியில தோலு கட்டும்ங்க. ராத்திரி தாண்டிட்டா ஆணியால கீறினாலும் எறங்காது. ஆனாலும் அண்ணன் ஒரு வாரத்துக்கு ஆரையும் தொட வுட மாட்டாரு."

"இன்னும் ஒட்டிக்கினு கீதே."

"இருக்காதுங்க."

"நானே தொட்டேன். கன்னுல இருக்கிறதும் தண்ணியாத்தான் கீது."

"கன்னுலயா?" அவன் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் சுவரில் சாய்ந்தான். "அண்ணன் அடிச்சு முடிச்ச கையோட தின்னரு ஊத்திக் கழுவிடுவாருங்க. கழுவாம வுட்டா உள்ளயே கல்லாயிடும், கன்னைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தண்ணியா கீதுன்னா அதுல ஹார்டனரே ஊத்தலீங்க."

"அப்பிடின்னா?"

"பெரிய டப்பா பாலிஷு, சின்ன டப்பா ஹார்டனரு. ரெண்டையும் கலந்தாத்தான் எறுகும். பெரிய டப்பாவ மட்டும் அடிச்சா வருஷம் ஆனாலும் பிசின்தான். அண்ணன் தூக்கத்துலகூட அந்தத் தப்பு பண்ண மாட்டாரு."

"அப்ப நாலாவது கோட்டு?"

"அது அவரு அடிச்சது, எறுகியிருக்கும். இது அதுக்கு மேல எவனோ அடிச்சதுங்க. அண்ணன் எப்பவும் நாலுதான் அடிப்பாரு. அஞ்சாவது கோட்டே கெடையாது."

ஜெசிந்தா அவனையே பார்த்தாள். "அந்த அஞ்சாவதை மட்டும் எடுக்க முடியுமா? கீழ உள்ளதுக்கு ஒண்ணும் ஆவாம?"

"தின்னருல வெள்ளைத் துணிய நனைச்சு, அழுத்தாம தொடைங்க. மேல இருக்கிறது வந்துடும். எறுகினது அசையாது."

காலை 10.45.

காணை கிராமத்திலிருந்து திருமுருகன் வந்தான். தொங்கிக்கொண்டிருந்த கட்டை அவனுடைய ரைபிளுக்கானது. கரும்பு விவசாயக் குடும்பம், முப்பது வயது, வெள்ளைச் சட்டை. ஜெகதீசன் அவனுக்குத் தன் எதிரிலேயே நாற்காலி போட்டார்.

"சனிக்கிழம விழுப்புரத்துல போட்டி சார். கட்டைய குடுத்துட்டீங்கன்னா மாட்டிக்குவேன். ஒரே பேஜாரா கீது."

"கேஸு பொருளாச்சே தம்பி. பாக்கலாம்."

"நேத்து கொட்டகைக்குப் போனீங்களா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"காலையில பத்து மணிக்குப் போனேன். இன்னும் ஒரு கோட்டு கீது, போயிட்டு அடுத்த வாரம் வான்னாரு. வந்துட்டேன். பதினொண்ணரைக்கெல்லாம் வீட்டுல கீறேன்."

"கட்டைய எடுத்துப் பாத்தீங்களா?"

"தொடவே வுடல மேடம். தூர இருந்துதான் காட்டினாரு."

"பாலிஷ் போட்டதுல இருந்து ஒரு தடவகூட தொடல?"

"ஒரு தடவகூட இல்ல."

எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டாள். மின்விசிறிக் காற்றில் பறந்த தாளை அவன் இடதுகையால் அழுத்திக்கொண்டான். கையை எடுத்தபோது உள்ளங்கை தெரிந்தது. சுண்டுவிரல் அடியிலிருந்து கட்டைவிரல்வரை குறுக்கே ஒரு பழைய தையல் தழும்பு.

"கரும்பு வெட்டுறப்ப பட்டதா?"

"சின்ன வயசுல," என்று அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

பகல் 12.30.

ராஜ்குமாரை மறுபடி வரச்சொல்லியிருந்தாள். திருமுருகனை, கட்டையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்காரவைத்திருந்தாள். ஜெகதீசன் எரிச்சலோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு மணிக்குக் கோர்ட்டுய்யா. ஜல்தி ஆவட்டும்."

கான்ஸ்டபிள் ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்தார். ராஜ்குமார் வெள்ளை வேட்டித்துணியைத் தின்னரில் நனைத்து, கட்டையின் கழுத்துப் பகுதியில் மெல்ல ஒற்றி எடுத்தார். பிசின் துணியோடு வந்தது. ஒரு துணி, இரண்டு துணி, மூன்று. அடியில் கெட்டியான பளபளப்பு தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் கட்டையைச் சாய்த்துப் பிடித்தார்.

பளபளப்பின் நடுவே ஒரு கை பதிந்திருந்தது. ஈரச் சிமெண்டில் மிதித்த கால்மாதிரி நான்கு விரலும் உள்ளங்கையும் பள்ளமாக இறங்கி, அப்படியே உறைந்திருந்தன. உள்ளங்கைக்குக் குறுக்கே ரேகையே இல்லாத ஒரு கோடு ஓடியது.

"சார், நாலாவது கோட்டு பாண்டுரங்கன் அடிச்சது 12.10க்கு. சிலேட்டுல கீது," என்றாள் ஜெசிந்தா. அவள் குரல் எப்போதும்போலத் தணிந்தே இருந்தது. "அது தோல் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஆளு வந்து கட்டைய இடதுகையால புடிச்சு இழுத்திருக்கான். அடுத்த வாரம்வரைக்கும் பொறுக்க முடியல. பாண்டுரங்கன் தடுத்திருப்பாரு. கைக்குக் கிட்டக்க கெடச்சது சுத்தியலு."

"கட்டைய எடுத்துக்கினே போயிருக்கலாமே?" என்றார் ஜெகதீசன்.

"போனா கட்டை எங்கன்னு மொதல்ல அவனைத்தான தேடுவோம்? தொங்கவுட்டாத்தான் அவன் வரலன்னு ஆவும். ஆனா கை அச்சு ஆழமா பதிஞ்சிடுச்சு, தொடைச்சாலும் போவாது. அதனால மேல ஒரு கோட்டு அடிச்சு மூடிட்டான். ஸ்பிரே அடிக்கிறத அவன் பாத்திருக்கான், கலக்குறத பாத்தது கெடையாது. பெரிய டப்பாவ ஊத்தி அடிச்சுட்டுப் போயிட்டான். மூடினது எறுகல. அடியில இருந்த அச்சு கல்லாயிடுச்சு." அவள் திரும்பினாள். "திருமுருகன், தொடவே இல்லன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. இடதுகைய நீட்டுங்க."

கை நீளவில்லை. அவன் பாய்ந்து கட்டையைப் பிடுங்கிச் சுழற்றினான். அது ஜெசிந்தாவின் காறையெலும்பில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த வீச்சு ராஜ்குமாரின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. கட்டையைத் தரையில் அடித்து உடைக்க அவன் குனிந்தபோது ஜெசிந்தா நல்ல கையால் அவன் பின்மயிரைப் பிடித்து, முகத்தை மேசை விளிம்பில் மோதினாள். இரண்டாவது மோதலில் மூக்கு உடைந்தது. கட்டை நழுவி உருண்டது.

"ஒரு பாலிஷ்காரன்," வாயில் ரத்தத்தோடு அவன் கத்தினான், "கட்டைய தொட்டதுக்கு என் கன்னத்துல அறையறான்! என் கட்டைய! ஒரு பாலிஷ்காரன்!"

ஜெகதீசன் அவனுக்குப் போட்ட நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அவரேதான் அதை நிமிர்த்தினார்.

பிற்பகல் 2.50.

கோர்ட்டுக்குப் புறப்பட்ட ஜீப்பில் திருமுருகன் இருந்தான். இடதுகையைத் துணியால் கழுத்தில் கட்டிக்கொண்டு ஜெசிந்தா லாக்கப்பைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களிடம், இதை முடித்துவிட்டுப் போகிறேன் என்றிருந்தாள்.

பூமாலை உள்ளே வந்து புருஷனைத் தாங்கிக்கொண்டாள். அவன் முகத்தைவிட விரல்களைத்தான் முதலில் பார்த்தாள்.

"உப்புத்தாள் தேய்க்கிற கைங்க இது," என்றாள் ஜெசிந்தாவிடம்.

"ஆஸ்பத்திரியில அடி எப்பிடி பட்டுதுன்னு கேப்பாங்க. உள்ளத உள்ளபடி சொல்லு. சாட்சி நான் சொல்றேன்."

ரைட்டர் மேசையைத் தாண்டும்போது சின்னக்கண்ணு நின்றான். கட்டை அங்கே சீட்டோடு கிடந்தது. அத்தனை அடி வாங்கியும் அதில் ஒரு கீறல் இல்லை. அவன் குனிந்து, ஒரு கண்ணை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தான். ஆறு வருஷமாகப் பார்த்த பார்வை.

"அண்ணனோட கடைசி கோட்டு. சுத்தமா வந்திருக்குங்க. இந்தக் கை மட்டும்தான் கெடுத்துக்கினு கீது." வீங்கிய கட்டைவிரலை அந்தப் பள்ளத்துக்கு மேலே, தொடாமல், நகர்த்தினான். "எண்ணூறு நம்பர் தாள் தண்ணியில நனைச்சு ரெண்டு மணி நேரம் தேச்சா இருந்த எடம் தெரியாது. தேய்ச்சுத் தரட்டுங்களா?"

"வேணாம் சின்னக்கண்ணு," என்றாள் ஜெசிந்தா. "அது அப்பிடியே இருக்கட்டும்."

அவன் தலையாட்டினான். தாளைப் பிடிப்பதுபோல விரல்களை மடக்கிப் பார்த்தான். அவை மடங்கவில்லை.