குணாளன் செத்துப்போன தொடர்

"யாரு படங்க இது? சந்தன மாலையும் சேத்தா?"

"ஆமாங்க. என்னோடதுதான்."

லோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். பினாங்கு ஸ்ட்ரீட்டில், அப்பா விட்டுப்போன இந்தப் பிரேம் கடையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள்... தன் படத்துக்குத் தானே மாலை கேட்டு வந்தவனை இன்றுதான் பார்க்கிறாள். இமையில் மழைத்துளி சொட்டச் சொட்ட, எதிரே நின்று சிரிக்கிறான். அந்தக் கண்கள் வேறு... சே, வேலையைப் பார், லோகேஸ்!

"விளையாடாதீங்கலா. மழைக்கு ஒதுங்கணும்னா வெளிய அஞ்சடி நடைபாதையில நில்லுங்க."

"நெசமாங்க. எம்பேரு குணாளன். டிவி தொடர்ல கதாநாயகியோட செத்துப்போன புருஷன் நான்தான். பழைய படம் ஷூட்டிங்ல ஒடஞ்சுபோச்சு."

அவனுக்குப் பகலில் பத்து காவான் ஊர்த் தொழிற்சாலையில் வேலை, மற்ற நேரமெல்லாம் நடிப்பு. பல வருடமாக மேடையில் குடிகாரன், போலீஸ்காரன், கல்யாணத் தரகர்... சினிமாவில் ஒரு பிணம். இப்போது சுவரில் படம். இதைச் சொல்வதில் என்ன பெருமை அந்த முகத்தில்! எரிச்சலாக வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

படத்துக்கு வந்தவன் அப்புறம் ஆணிக்கு வந்தான், கயிற்றுக்கு வந்தான், ஒன்றும் இல்லாமலே வந்தான்... கடைசியில் பெண் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

கதவைத் திறந்த அம்மா தனலெட்சுமி, "ஐயோ!" என்று அலறிவிட்டாள். தினமும் டிவி முன்னால் உட்கார்ந்து அவனுக்காகக் கண்ணீர் விடுகிறவள் அவள்.

"ஊரே செத்துட்டான்னு பாக்குற மொகத்துக்கா எம்பொண்ணக் குடுப்பேன்? அந்தத் தொடர விட்டுட்டு வரட்டும், அப்பறம் பேசலாம்."

"ம்மா, அது நடிப்புமா!"

"எனக்குத் தெரியாதா? போடி!"

மறுநாள் கொட்டும் மழையில் கடைக்கு வந்து நின்றான்.

"டைரக்டர்கிட்ட சொல்லப் போறேன், லோகேஸ். விட்டுர்றேன்."

அவளுக்கு மண்டை காய்ந்தது. அடுத்த வாரம்தான் கெப்பாலா பத்தாஸில் அந்தப் புருஷன் உயிரோடிருந்த கதையைப் படமாக்கப் போகிறார்கள். தொடரில் அவனுக்கு முதல் வசனம்! அதைப் பற்றியே பேசிப் பேசி இவளை அறுத்தவனும் இவன்தான். எனக்காக அதை விட்டுவிட்டு, வாழ்நாள் முழுக்க ஏக்கத்தோடு என் எதிரே உட்கார்ந்திருப்பானா... அதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

"ஒங்களுக்கு அறிவு இருக்கா? யாரு விடச் சொன்னா?"

"ஒங்கம்மாதான்..."

"கல்யாணம் அம்மாவுக்கா, எனக்கா?"

அவன் பேந்தப் பேந்த விழித்தான். அந்த முழியைப் பார்க்கப் பார்க்க இவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அம்மாவ நான் பாத்துக்கறேன். நீங்க போயி நடிங்க. டிவில எத்தன தடவ வேணாலும் சாவுங்க... எங்கிட்ட மட்டும் உயிரோட வந்துருங்க. எனக்கு நீங்க வேணும்லா!"