மைக்கின் முதுகு

காவேரிக்கு மெல்லிய குரல். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். ஆனால் மின்னி பே கடற்கரையில் சங்குக்குள் குடியிருக்கும் நண்டைப் பற்றி அவள் எழுதிய கதைதான் பள்ளியிலேயே முதலாவதாக வந்தது. அதை அவள் குரலிலேயே பதிவு செய்து, மூன்று மணிக்குள் சென்னை வானொலிப் போட்டிக்கு அனுப்ப வேண்டும்.

அன்று பார்த்துக் கரண்ட் போய்விட்டது. பள்ளிக்கு எதிரே அழகையாவின் ஜெராக்ஸ் கடை ஜெனரேட்டர் கடகடவென்று உறுமத் தொடங்கியது.

ஷோபனா டீச்சர் வெளிச்சத்துக்காகக் காவேரியைத் தெருப்பக்க ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார். அவளுக்கு எதிரே, பேட்டரியில் ஓடும் லேப்டாப்போடு இணைத்த மைக். மைக்குக்குப் பின்னால் தோழி ருக்கு நின்று, "ரெடி" என்றாள்.

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். நண்டைக் காணோம். ஜெனரேட்டர்தான் கதை சொன்னது.

ருக்கு கடைக்கு ஓடினாள். "அங்கிள், பத்து நிமிஷம் நிறுத்துறீங்களா?"

"ஷிப் டிக்கெட்டுக்கு ஜெராக்ஸ் எடுக்க எத்தனை பேர் நிக்கிறாங்க பாரும்மா. சரியா மூணு மணி, தீன் பஜே, கவுண்டர் மூடிடுவாங்க. அதுக்கு மேல நிறுத்தறேன்."

வரிசையில் கைக்குழந்தையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். ருக்குவுக்கு மறுபடி கேட்க வாய் வரவில்லை.

திரும்பி வந்தால், "நம்ம கிளாஸ் நாகராஜே படிக்கட்டும் டீச்சர். அவன் பேசினா லம்பா லைன் ஏரியா வரைக்கும் கேக்கும்" என்றாள் காவேரி. சொல்லும்போதே கண் கலங்கியது.

ருக்குவுக்கு மனசு கேட்கவில்லை. பதிவை மறுபடி போட்டாள்.

"டீச்சர், நான் மைக் கிட்டேதான் நின்னேன். ஆனா 'ரெடி'ன்னு சொன்னது எங்கேயோ தூரத்துல கேக்குது. ஜெனரேட்டர் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கு, அது மட்டும் காதைக் கிழிக்குது."

டீச்சர் மைக்கை உற்றுப் பார்த்தார். அதன் கழுத்தில் குட்டியாக ஓர் இதயப் படம். "அழகுக்குப் போட்டிருக்குன்னு நெனச்சேன். முன்பக்கம் எவ்வளவு அகலமா கேக்கும்னு காட்டுற படம் போல. பின்னாடி பாரு, குழி விழுந்திருக்கு."

"அப்போ முதுகுப் பக்கம் இதுக்குக் காது மந்தம்" என்றாள் ருக்கு. "காவேரி, இந்தப் பக்கம் வா. ஜன்னலைப் பாத்து உக்காரு."

மைக்கையும் திருப்பி வைத்தாள். இப்போது மைக்கின் முதுகு ஜெனரேட்டருக்கு, முகம் காவேரிக்கு. அதை அவள் வாய்க்கு அருகே நகர்த்தினாள் ருக்கு. அவள் நிழல் மறைக்காமல், ஜன்னல் வெளிச்சம் மேஜைமேல் இருந்த காகிதத்தில் நேராக விழுந்தது. காவேரி நிதானமாகப் படித்தாள்.

இந்த முறை நண்டு சங்கை இழுத்துக்கொண்டு அழகாக நடந்தது. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கதை கிளம்பிவிட்டது.

கடை வேலையை முடித்துவிட்டு அழகையா தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். "என் ஜெனரேட்டர் கதையைக் கெடுத்திடுச்சாம்மா?"

காவேரி அவர் காதில் ஹெட்போனை வைத்தாள். குரலுக்குப் பின்னால் லேசாக ஓர் இரைச்சல்.

"கொஞ்சமா வருது அங்கிள்" என்றாள் ருக்கு. "கேக்குறவங்க கடல்னு நெனச்சுக்குவாங்க."