மூன்று பெட்டிகளும் ஒரு பல்குச்சியும்

அண்ணன் சொன்னதைத்தான் பொடிசு செய்தாள். என்ன, கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிட்டாள்.

அண்ணனுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. சைக்கிளில் கையை விட்டு ஓட்டிக் காட்டியதற்குக் கிடைத்த பரிசு அது. ஞாயிற்றுக்கிழமை நூலகத்து ஹாலில் மாதிரி ரயில் சங்கத்தார் நீளமாகத் தண்டவாளம் போட்டு ரயில் விடப்போகிறார்கள். அதன் கடைசியில் அண்ணன் செய்யும் மூன்று சரக்குப் பெட்டிகளும் ஓட வேண்டும். சங்கத்தில் சேர்ந்த முதல் வருடமே இப்படி ஒரு வாய்ப்பு. கைதான் இல்லை. "நீதான் என் கை" என்று தங்கையிடம் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து பொடிசுக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவன் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். போகிற போக்கில், "நான் வர்றதுக்குள்ள மூணு பெட்டியையும் பிரிச்சு வை" என்றான்.

அவன் சொன்னது அட்டைப்பெட்டியை. இவள் நினைத்துக்கொண்டது ரயில்பெட்டியை.

ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் இருந்தன. குச்சியில் இலைகள் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல அவற்றில் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பொடிசு சின்னக் கட்டிங் பிளேயரை எடுத்து அத்தனையையும் வெட்டினாள். அதோடு விட்டாளா? சுவர்கள் எல்லாம் ஒரு கிண்ணத்தில், சக்கரங்கள் எல்லாம் ஒரு கிண்ணத்தில், கொக்கிகள் எல்லாம் ஒரு கிண்ணத்தில் என்று அழகாகப் பிரித்து வைத்தாள். மிச்சமிருந்த வெறும் சட்டங்களைக் குப்பைப் பையில் போட்டு, பையை வாசலில் வைத்தாள். சுத்தம் சோறு போடும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள்.

அண்ணன் வந்து கிண்ணங்களைப் பார்த்தான். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"நம்பர் எல்லாம் அந்தச் சட்டத்துலதான் போட்டிருக்கும்" என்றான். "எது எந்தப் பெட்டியோடதுன்னு இனிமே எப்படித் தெரியும்?"

நிலக்கரிப் பெட்டிக்கும் எண்ணெய்ப் பெட்டிக்கும் அடிப்பாகங்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நூலிழைதான் வித்தியாசம். ஒன்று மாறினாலும் சக்கரம் உட்காராது.

"சுத்தம் சோறு போடும் பொடிசு. ரயில் ஓட்டாது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சங்கத்துக்குப் போன் செய்து, பெட்டி வராது என்று சொல்லிவிடப் போகிறானாம்.

அழுதால் பெட்டி ஓடுமா? பொடிசு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு பாகத்தை எடுத்துப் பார்த்தாள். வெட்டின இடத்தில் குட்டியாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் சிலதைக் கோணலாக வெட்டியிருந்தாள், சிலதை நீளமாக விட்டிருந்தாள். அப்படியென்றால் சட்டத்திலும் அதற்கு ஜோடியான கோணல் இருக்குமே!

சட்டம் குப்பைப் பையில் இருக்கிறது. வெளியே குப்பை வண்டியின் மணி கேட்டது.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வண்டிக்கார அக்கா பையைத் தூக்கிவிட்டிருந்தார்.

"அக்கா, அதைக் குடுங்க. எங்க அண்ணனோட ரயில் அதுலதான் இருக்கு."

அக்கா பையை ஏற இறங்கப் பார்த்தார். "எஞ்சினுமா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நீட்டினார்.

பொடிசு சட்டங்களைக் கழுவித் தரையில் பரப்பினாள். ஒரு பாகத்தை எடுத்து ஒவ்வொரு முனையாக வைத்துப் பார்த்தாள். பதினேழாவது முனையில் கோணலோடு கோணல் கச்சிதமாகப் பொருந்தியது. பக்கத்திலேயே நம்பர். அண்ணன் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் தரைக்கே இறங்கி வந்துவிட்டான்.

சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாப் பாகத்துக்கும் நம்பர் கிடைத்தது. அவன் சொல்லச் சொல்ல அவள் ஒட்டினாள். கடைசியில் ஓர் இரும்பு அச்சு மட்டும் குறைந்தது. இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற மெல்லிய கம்பி அது. ஆறு இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தது. கட்டிலுக்கு அடியில், பாய்க்கு அடியில், எங்கேயும் இல்லை.

அப்பா சாப்பிட்டு முடித்து, நாற்காலியில் சாய்ந்து, நிம்மதியாகப் பல் குத்திக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ பளபளத்தது.

"அப்பா, அது என்னது?"

"தெரியலம்மா. நேத்து மேஜையில கெடந்துச்சு. ரெண்டு பக்கமும் கூரா இருக்கு, ரொம்ப வசதி."

அண்ணன் அதைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் ஓடியது. வளைவில் கடைசிப் பெட்டி லேசாக ஆடியபோது பொடிசு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை. அதன் பக்கவாட்டில் அண்ணன் இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. "பொடிசு."

அப்பா குனிந்து பார்த்து, "என் பல்குச்சி எதுல ஓடுது?" என்று விசாரித்தார்.

திரும்பும்போது அடுத்த மாதத்துக்கென்று சங்கத்தார் ஒரு புது அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். அண்ணன் அதை வாங்கி அப்படியே தங்கையின் கையில் வைத்தான்.

"வீட்டுக்குப் போனதும் இதை..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, "தொறந்து வை" என்றான்.