காற்று பார்த்து விரித்த துணி

"உன் துணி மூட்டைய வாசலுக்கு வெளியில வை! கப்பல் சத்தம் கேக்குறதுக்குள்ள நீ இந்த வீட்ல இருக்கக் கூடாது!"

சவேரியம்மாள் போட்ட சத்தத்தில் தொட்டில் பிள்ளை விழித்து அழுதது. சின்ன மருமகள் எல்ஸி அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். ரோசம்மா மட்டும் அடுப்படியில் குனிந்தபடி தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்தாள். அவள் மூத்த மகனின் விதவை. மாமியார் வாயிலிருந்து இந்த வார்த்தை ஒருநாள் வரும் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"தேத்தண்ணி குடிச்சிட்டுத் திட்டுங்க அத்தே. வெறும் வயித்துல கத்துனா மயக்கம் வரும்."

"பாத்தியாடா ஆம்புரோஸ்! எப்படி நெஞ்சழுத்தமா பேசுறான்னு!"

இளைய மகன் ஆம்புரோஸ் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. காக்கிச் சட்டையின் பித்தளைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றான்.

செமோர் ஊருக்கு வெளியே, பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி, கட்டைகளைப் பிடுங்கி, மட்டமாக்கிய வெளி அது. இருபத்தொன்பதாம் வருஷம், சீமையிலிருந்து ஜாவாவுக்குத் தபால் கொண்டுபோகும் ஆகாயக் கப்பல் கம்பெனி ஒன்று, வழியில் ஆபத்து என்றால் இறங்குவதற்காக அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. வெளியின் ஓரத்தில் கம்பெனி கொடுத்த பலகை வீடு. வேலை என்னவென்றால், லாலாங் புல்லை வெட்டிவைக்க வேண்டும். மாடு நுழையாமல் பார்க்க வேண்டும். தபால் நாள் காலையில் வெளியின் முனையில் ஈரப்புல்லைப் போட்டுப் புகை மூட்ட வேண்டும். நடுவில் நீளமான வெள்ளைத் துணி இரண்டை, ஒன்று உடம்பு மாதிரியும் ஒன்று தலை மாதிரியும் விரிக்க வேண்டும். காற்று வருகிற பக்கம் தலை இருக்க வேண்டும். மேலே பறக்கிறவன் அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கமாக இறங்குவது என்று முடிவு செய்வான்.

பெரிய கம்பெனி. எவ்வளவு பெரியது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. முதலாளியின் முகம் தெரியாது. ஈப்போ ஆபீஸ் குமாஸ்தாவாகச் சைக்கிளில் வரும் கிராணிதான் அவர்களுக்குக் கம்பெனி. கப்பல்கள் பெரும்பாலும் இறங்குவதில்லை. தலைக்கு மேலே போய்விடும். ஒருமுறை மேலேயிருந்து ஒரு வெள்ளைக்காரன் கையை ஆட்டினான். ரோசம்மாவின் புருஷன் லூர்துசாமி அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"எனக்குத்தான் ஆட்டுனான் ரோசு... கம்பெனிக்கு நம்மளத் தெரியும் லா!"

அந்த லூர்துசாமியை அதே கம்பெனியின் கப்பல்தான் கொன்றது.

ஒரு மழைக்காலை. இயந்திரம் பழுதாகிக் கப்பல் இறங்க வந்தது. புகை மழையில் அவிந்துவிட்டது. துணியோ தலைமாறிக் கிடந்தது. காற்றை முதுகில் வாங்கி இறங்கிய கப்பல் நிற்க முடியாமல் ஓடி, முனையில் மண்டிபோட்டு நெருப்பை ஊதிக்கொண்டிருந்தவன்மேல் ஏறியது.

விசாரிக்க வந்த கிராணியிடம் ரோசம்மாதான் முன்னால் வந்து நின்றாள். "நான்தாங்க முந்தின நாள் சாயங்காலமே துணிய விரிச்சு வச்சேன். காத்து மாறும்னு தெரியாமப் போச்சு..." கம்பெனியின் ஆள் அந்தத் தப்பைச் செய்திருந்தால் வேலையும் வீடும் அன்றே போயிருக்கும். அவளோ சம்பளத்தில் இல்லாத பொம்பளை. கிராணி உச்சுக்கொட்டிவிட்டு, செத்தவன் வேலையை, உதவியாளாகக் கூடவே சம்பளத்தில் இருந்த தம்பி ஆம்புரோஸுக்கே கொடுத்துவிட்டுப் போனார். புருஷனை முழுங்கியவள் என்ற பேர் ரோசம்மாவுக்கு மிஞ்சியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. தபால் நாள் விடியும்போது துணி ஏற்கெனவே விரிந்து கிடந்தது! அன்றைய காற்றுக்குச் சரியாக, மூலைக்கு மூலை கல் வைத்து... ஆம்புரோஸ் விரிக்கவில்லை. எல்ஸி விரிக்கவில்லை. பனி பிடித்த புல்லில் ஒரு காலடிகூட இல்லை.

"எல்லாம் இவ வேலை!" என்றாள் சவேரியம்மாள் இப்போது. "பொணத்துக்கு முன்னாடி வண்ணான் மாத்துத் துணி விரிக்கிற மாதிரி விரிக்கிறா. மூத்தவன முடிச்சாச்சு... இளையவனுக்கும் விரிக்கிறியாடி?"

"கர்த்தர் சாட்சியா நான் அந்தத் துணியத் தொடல அத்தே."

"தொட முடியாது! நேத்து அதைத் தகரப்பெட்டியில வச்சுப் பூட்டி, பெட்டி மேலேயே தலைய வச்சுப் படுத்தேன். இன்னைக்கு எவன் விரிக்கிறான்னு பாப்போம்!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை. சத்தம் கேட்டது.

செமோரில் சத்தம் கப்பலுக்கு முன்னால் வரும். சுண்ணாம்பு மலைகளில் மோதி, வடக்கே இருக்கிற கப்பல் தெற்கே முனகும். அன்று வெளியெங்கும் மூடுபனி. மலை தெரியவில்லை. மலை இருந்த இடத்திலிருந்து அந்த முனகல் மட்டும் வந்தது.

"ஆத்தா, சாவியக் குடு!" என்றான் ஆம்புரோஸ். "துணி விரிக்கணும்."

சவேரியம்மாள் முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்துத் தானே பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

பெட்டி காலி. அடித்தகரத்தில் பனிநீர் கோத்துக் கிடந்தது. அதில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று லாலாங் தாள்கள்... பச்சையாக, அப்போதுதான் அறுத்தவை போல.

ஆம்புரோஸ் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"மாதாவே!" எல்ஸி வாசலைக் காட்டினாள். பனி சற்று விலகிய இடத்தில், வெளியின் நடுவே, வெள்ளையாக அது கிடந்தது.

ஆம்புரோஸ் தூக்கத்தில் நடப்பவனைப் போல இறங்கிப் போனான். பெண்களும் பின்னாலேயே போனார்கள். துணியின் தலைமாட்டில் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினான். துணியின் மூலை உள்பக்கமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டில் அப்படி மடிக்கிறவன் ஒருவன்தான். 'மூலைய உள்ள மடிச்சுக் கல்லு வச்சா எந்தக் காத்தும் தூக்காதுடா' என்று தம்பிக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். தம்பி ஒருநாளும் கேட்டதில்லை.

"அண்ணே...!" ஆம்புரோஸ் துணிமேலேயே விழுந்தான். "போதும்ணே! எனக்குப் பதிலா நீ விரிச்சது போதும்ணே! சொல்லிடுறேன்... சொல்லிடுறேன்!"

"எந்திரிடா... என்னடா சொல்லணும்?" சவேரியம்மாள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அன்னிக்கு விரிச்சது அண்ணி இல்ல ஆத்தா. நான்! சம்சு போட்டா காலையில எந்திரிக்க முடியாதுன்னு, சாயங்காலமே விரிச்சுட்டுக் குடிக்கப் போனேன். காலையில காத்து மாறிக் கிடந்துச்சு... நான் படுத்துக் கிடந்தேன்... அண்ணன் என்னை நம்பி நெருப்பு ஊதிக்கிட்டு இருந்துச்சு..."

தலைக்கு மேலே இரைச்சல் வெடித்தது. பனியைக் கிழித்துக்கொண்டு கப்பல் தாழ வந்து, நான்கு பேர்மேலும் நிழலைப் போட்டுவிட்டு, நிற்காமல் போனது.

சவேரியம்மாள் எல்ஸியைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமாடி?"

எல்ஸி பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அக்காதான் சொல்லாதேன்னு சத்தியம் வாங்குனாங்க அத்தே... எனக்கு அப்ப நெறமாசம்..."

கிழவி ரோசம்மாவிடம் நடந்து வந்தாள். அடிக்க வருகிறாள் என்றே எல்ஸி நினைத்தாள்.

"பாவி... பாவி மகளே! நான் உன்னை என்னென்ன சொன்னேன்! சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்குனேனே! அப்பவாவது வாயத் தொறந்தியா?"

"தொறந்திருந்தா ஒரே நாள்ல உங்களுக்கு ரெண்டு புள்ளையும் போயிருக்கும் அத்தே. அவருதான் போய்ட்டாரு... தம்பியாவது உங்க கண்ணுல நல்லவரா இருக்கட்டும்னு..." அதற்குமேல் ரோசம்மாவால் முடியவில்லை. புருஷன் செத்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. மாமியார் அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அந்தத் துணியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

வெகுநேரம் கழித்துச் சவேரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆம்புரோஸ், ஈப்போவுக்குப் போ. கிராணி மூஞ்சியப் பாத்து உள்ளதைச் சொல்லு."

"வீட்டைப் புடுங்கிக்குவாங்க ஆத்தா."

"வேணாம் அத்தே, கைப்புள்ளைய வச்சிக்கிட்டு எங்க போறது?" என்றாள் ரோசம்மா.

"வீடு போவட்டும் லா! இவ பேர்ல பழியப் போட்டுட்டு அந்தக் கூரைக்கடியில எனக்குச் சோறு எறங்காது."

அவன் போனான், சொன்னான். கிராணி அன்றே சைக்கிளில் வந்து, காக்கிச் சட்டையை வாங்கி, துணி இரண்டையும் சுருட்டிப் பின்னால் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டார். கம்பெனி அவ்வளவு பெரியது. ஏன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை; வீட்டைக் காலி செய்யச் சொன்னதோடு சரி.

கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட ஆள் எடுத்தார்கள். அங்கே போவதற்கு மாட்டுவண்டி வந்து நின்றது ஒரு தபால் நாள் காலையில். அன்றைக்கு வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்ன ரோசம்மாவின் மூட்டையைச் சவேரியம்மாளே முதலில் தூக்கி வண்டியில் வைத்தாள். ஆம்புரோஸ் மாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். புதிய காவல்காரன் இன்னும் வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது.

வண்டி மண்பாதையில் திரும்பும்போது மலைக்குள்ளிருந்து அந்த முனகல் எழுந்தது. ரோசம்மா தன்னை அறியாமல் திரும்பிப் பார்த்தாள்.

பனிக்குள்ளே, வெளியின் நடுவே, வெள்ளையாக விரிந்து கிடந்தது. துணி ஈப்போவில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தலை எந்தப் பக்கம் என்று பார்த்தாள். தன் முகத்தில் அடித்த காற்றையும் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. முனையிலிருந்து புகைகூட மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

மாமியாரும் பார்த்துவிட்டாள் என்பது அவள் விரல்கள் ரோசம்மாவின் கையை இறுக்கியதில் தெரிந்தது.

"நம்மளையெல்லாம் விட்டுட்டாங்க..." என்றாள் சவேரியம்மாள் மெதுவாக. "அவனுக்கு மட்டும் கம்பெனி இன்னும் லீவு குடுக்கல போலிருக்கு."

ரோசம்மா வண்டியில் எழுந்து நின்றாள். எல்ஸியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையைத் தூக்கி அந்த வெளியைப் பார்த்து ஆட்டினாள்.

மூலையை உள்ளே மடித்த துணியை எந்தக் காற்றும் தூக்காது. ஆனாலும் அதன் ஒரு மூலை எழுந்து, கொஞ்சம் ஆடி, மறுபடியும் படுத்துக்கொண்டது.