நயினார் நிலை

புயல் கடந்த மூன்றாம் நாள் காலை, பனையடிமுனை நடுத்தெருவில் எல்லாரும் அழுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

இயந்திரம் வருவதற்கு முன்பே அழுது தீர்த்துவிடக் கூடாது என்று தாய்மார்கள் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார்கள். அனுபவப்பட்டவர்கள் அன்று காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. வயிறு நிறைந்தால் துக்கம் மந்தமாகிவிடும். சிலர் செத்துப்போனவர்களின் சட்டையையோ கண்ணாடியையோ மடியில் வைத்திருந்தார்கள், சரியான நேரத்தில் எடுத்து முகர்ந்து பார்க்க. மரியபுஷ்பம் தன் கணவனின் தொப்பியைக் கொண்டுவந்திருந்தாள். அவன் கடலில் போய் ஒன்பது புயல் ஆகிறது. அந்தக் கரையில் ஆண்டுகளை எண்ணுவதைவிடப் புயல்களை எண்ணுவது எளிது. புயல்களுக்குப் பெயர் வைப்பது எப்போதோ நின்றுபோயிற்று, பெயர்கள் தீர்ந்துவிட்டன.

"இந்தத் தொப்பியிலயும் வாசம் போயிட்டு," என்றாள் பக்கத்து வீட்டுக் கொம்பையாவிடம். "இன்னும் ஒரு புயலுக்குத் தாங்குனா பெரிசு."

"வேற எதயாவது எடுத்து வச்சிருக்கலாம்லா?"

"அந்த மனுசன் வச்சிருந்தது ஒரு தொப்பியும் ஒரு கொறட்டையும். கொறட்டைய எங்க போயி எடுக்க?"

இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் புயலுக்குப் பின் வீடுகளை அளந்தார்கள். நல்ல சுவரை இடித்துவிட்டுப் புயல் இடித்தது என்றான் ஒருவன். இல்லாத சுவர் இடிந்ததாக எழுதிக்கொடுத்தான் இன்னொருவன், அவன் அதிகாரி. வீடு பொய் சொல்லும் என்று கண்டுகொண்ட பேரிடர்த் துறை, பொய் சொல்லாத ஒன்றை அளக்கத் தீர்மானித்தது. பிறக்கும் குழந்தைக்கெல்லாம் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், எள்ளளவு உளமணி ஒன்றைப் பதிக்கும் வழக்கம் அப்போதே இருந்தது. காய்ச்சலையும் இதயக் கோளாறையும் முன்கூட்டிச் சொல்வதற்காக வந்தது அது. நாடித் துடிப்பு, மூச்சின் நீளம், இரத்தத்தில் கலக்கும் பதற்றச் சுரப்பு எல்லாம் அதற்குத் தெரியும். துறை அதை இரவல் வாங்கிக்கொண்டது. துயர்மானி என்ற இயந்திரம் தெருவில் நடந்துவரும். ஒவ்வொருவர் உளமணியிடமும் கேட்டு, தெருவின் துயரைக் கூட்டும். துயர் வரம்பைத் தாண்டினால் அது சேதம். தாண்டாவிட்டால் சேதம் இல்லை.

நடுத்தெருவுக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தெருவின் தென்கோடியில் கடலை மறித்து நின்ற அலைச்சுவர் இரண்டு ஆள் அகலத்துக்கு உடைந்து கிடந்தது. அடுத்த புயலுக்கு முன் அதைக் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் தெரு இருக்காது.

உடைப்புக்கு நேர் எதிரே இருந்தது ஆறுமுகநயினார் வீடு. தூண்கள் மேல் நின்ற அந்த மாடியில்தான் புயலன்று தெரு முழுவதும் ஒண்டியது. வாசலில் கல் அடுக்கிய அடுப்பில் அண்டா நிறையக் கஞ்சி கொதித்தது. நயினார் துடுப்பைப் பிடித்து நிமிர்ந்து நின்று கிண்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகள் செண்பகவடிவு அலைச்சுவரில் கல் அடுக்கும் வண்டி ஓட்டியவள். சுவர் விரிசல் விட்டதும் வண்டியோடு போனாள். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடைத்தது. அவள் மறுநாள் கிடைத்தாள். நேற்றுத்தான் எரித்தார்கள்.

மரியபுஷ்பம் தொப்பியோடு வந்து அடுப்பங்கரையில் நின்றாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒருநா அழுதுருங்க."

"கஞ்சி வேணும்னா வாங்கிட்டுப் போ."

"கஞ்சி குடிச்சா அழுக வராதுன்னுதான நான் பட்டினியா கெடக்கேன்! ஒத்தப் பிள்ளயப் பறிகொடுத்துட்டு நிக்கிய. இந்தத் தெருவுல உங்க அழுகைக்குத்தான் எட கூட. நாங்கல்லாம் பழைய தொப்பிய வச்சு ஒப்பேத்துதோம். நீங்களும் மதினியும் வாசல்ல உக்காந்து வாய்விட்டு அழுதா சொவரு எந்திரிச்சிரும்."

நயினார் துடுப்பை நிறுத்தவில்லை. "ஏட்டி புஷ்பம், எங்க வீட்டு வாசல்ல யாராவது அழுது பாத்திருக்கியா? எங்க ஐயா செத்தன்னைக்கு அழுதனா?"

"பாத்ததில்ல. அதாம்லா பயமா இருக்கு."

"நாங்க யார்கிட்டயும் கைநீட்டுனதுங் கெடையாது, கண்ணு கலங்கி நின்னதுங் கெடையாது. எங்க துக்கம் வாசலுக்கு வார சரக்கு இல்ல. ஆனா உள்ள இல்லன்னு நெனச்சிராத. அந்த மணி உள்ளதான இருக்கு? அதுக்குத் தெரியும். போ, போயி ஒன் தொப்பியப் பாரு."

அவர் அதை மனமார நம்பினார். தவறு அங்கேதான் இருந்தது. துக்கம் பொங்கினால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டு, மூச்சை அடிவயிற்றில் பூட்டு, எதிரில் நிற்பவன் நெற்றியைப் பார் என்று அவருக்கு அவர் தகப்பனார் கற்றுக்கொடுத்திருந்தார். தகப்பனாருக்கு அவர் தகப்பனார். தலைமுறை தலைமுறையாகப் பூட்டிப் பூட்டி, அந்த வீட்டு உடம்புகளுக்கு அது பழகிப்போயிற்று. நெஞ்சு வெந்துகொண்டிருக்கும்; நாடி நடை பிசகாமல் போகும்.

துயர்மானி கொக்கைப் போல நீண்ட கால்களைத் தூக்கிச் சேற்றில் வைத்து வந்தது. அதன் பேச்சு எப்போதும் அச்சுத் தமிழ்.

"திரு. ஆறுமுகநயினார், உங்கள் துயர் அலகு இரண்டு. உங்கள் துணைவியார் கோமதி அம்மாளுக்கு மூன்று. இது பல் துலக்கிக்கொண்டிருப்பவரின் அளவு. மிக்க மகிழ்ச்சி."

துடுப்பு அவர் கையில் ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான்.

நடுத்தெரு வரம்பை எட்டவில்லை. "கல்லாவே நீரு? பெத்த பிள்ள போயி பல்லா வெளக்குதீரு?" என்று கத்தினான் கொம்பையா. மரியபுஷ்பம் தன் வீட்டிலிருந்த கஞ்சித் தூக்கை எடுத்துவந்து, அவர் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்துப் பேரிடர்த் துறை அதிகாரி ஒருவர் மாலையோடு வந்தார். இளவயது, சேறு படாமல் நடக்கத் தெரிந்தவர்.

"ஐயா, எங்க துறையில இப்படி ஒரு அளவைப் பாத்ததே இல்லை. மகளை இழந்தவங்க, எரிச்ச மறுநாளே ஊருக்குக் கஞ்சி ஊத்தறீங்க, நாடி அசையல! இதுதான் தமிழ்க் குடும்பம். உங்க உளமணியில இருக்கிற இந்தப் பழக்கத்தை நாங்க படி எடுத்துக்கறோம். உங்க குடும்பப் பேரையே வைக்கிறோம்."

"சொவரு?" என்றார் நயினார்.

"சுவர் எதுக்குங்கய்யா? அதைவிடப் பெரிய பாதுகாப்பு உங்களுக்குள்ள இருக்கே!"

இதற்கு அந்த அதிகாரியை வாசலிலிருந்து இறக்கி விட்டிருக்க வேண்டும். நயினார் இறக்கி விடவில்லை. தெரு அவரைக் கல் என்று சொல்லியிருந்தது. யாரோ ஒருவன் வந்து அதைக் கௌரவம் என்று சொன்னான். மாலையின் கனம் தோளில் இருந்தது. சுவரும் பின்னாலேயே வரும் என்று நினைத்துக்கொண்டார். தலையை அசைத்தார்.

மானம் என்பது ஒரு குடும்பம் தன் தலையில் தானே தூக்கிக்கொள்ளும் சுமை. அதை எடுத்து அடுத்தவன் தலையில் ஏற்றுகிறவன் சுமைகூலியை மிச்சம் பிடிக்கிறான். துறை கணக்குப் போட்டுப் பார்த்தது. கல்லும் சிமெண்டும் விலை அதிகம். நயினாரின் மூச்சு இலவசம்.

ஒரு காலையில், கரையோர மக்கள் அனைவரின் உளமணிக்கும் 'நயினார் நிலை' அனுப்பப்பட்டது. ஊசி இல்லை, வலி இல்லை. துயர் எழும்பும்போதே மணி நாடியைப் பிடித்து நிறுத்தும், மூச்சைப் பூட்டும். மூலம் அவரே என்பதால், நயினாருக்கு மட்டும் எதுவும் அனுப்பவில்லை.

அடுத்த புயல் அதே உடைப்பு வழியாக உள்ளே வந்தது. வழி தெரிந்த விருந்தாளி போல, நேராக. கொம்பையா வீடு உட்பட ஒரு வரிசை வீடுகளை வழித்துக்கொண்டு போயிற்று. மரியபுஷ்பத்தின் மகன் ஜெரோமையும் கொண்டுபோயிற்று. இடுப்பில் கயிறு கட்டி இரண்டு பிள்ளைகளை மாடியில் சேர்த்துவிட்டு, மூன்றாவது பிள்ளைக்காக இறங்கியவன்.

மூன்றாம் நாள் காலை நடுத்தெரு வரிசையாக உட்கார்ந்திருந்தது. யாரும் பட்டினி கிடக்கவில்லை. யார் மடியிலும் சட்டை இல்லை, தொப்பி இல்லை. தன் வீடு நின்ற இடத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரைப் பார்த்தபடி, "நல்ல காத்து," என்றான் கொம்பையா.

மரியபுஷ்பம் எழுந்து நயினாரின் அடுப்பங்கரைக்கு வந்தாள். அவள் முகம், கழுவித் துடைத்த பாத்திரம் போல இருந்தது.

"அண்ணாச்சி, எம்மவன் போயிட்டான்."

"தெரியும் புஷ்பம்."

"எனக்குந் தெரியுது. ஆனா அழுக வரமாட்டேங்கு. நெஞ்சு வரைக்கும் வருது. வந்ததும் அங்கன யாரோ கதவச் சாத்துத மாதிரி இருக்கு." தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். "அது உங்க வீட்டுக் கதவாம்லா. பேரு அப்படித்தான் போட்டிருக்காவளாம். எம்பிள்ளைக்காக ஒருமட்டம் தொறந்து விடுங்க அண்ணாச்சி. ஒரேயொரு மட்டம்."

அவள் கெஞ்சக்கூட முடியாமல், உப்பு இரவல் கேட்பது போல நிதானமாகக் கேட்டாள்.

நயினாரின் நாக்கு வழக்கம் போல மேலண்ணத்தைத் தேடிப் போயிற்று. தெருக்கோடியில் அந்தக் கொக்குக்கால் இயந்திரம் வந்துகொண்டிருந்தது. அவர் மரியபுஷ்பத்தின் நெற்றியைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். நாக்கை இறக்கினார். துடுப்பைக் கீழே போட்டுவிட்டுத் தெரு நடுவில், சேற்றில், அத்தனை பேர் பார்க்க உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் அதுவரை அடக்கி வைத்த அத்தனை சாவும் ஒரே தொண்டை வழியாக வந்தது. "ஏ செம்பகம்! எய்யா ஜெரோமு!" என்று மண்ணில் அறைந்து கதறினார். பிறகு, ஒருநாளும் நீட்டாத கைகள் இரண்டையும் நீட்டினார். "சொவரக் கட்டுங்கல! ஒங்க மாலய எவன் கேட்டான்? எம்பிள்ளயத் தின்ன ஓட்டய அடைங்கல!" மாடியிலிருந்து கோமதி அம்மாள் பார்த்தாள். இறங்கி வர நினைத்தாள். கதவு சாத்திக்கொண்டது; அப்படியே நின்றாள்.

துயர்மானி ஒற்றைக் காலில் நின்று வெகுநேரம் கேட்டது.

"இந்தக் கரையில் இதுவரை பதிவாகாத அளவு," என்றது. "எனினும் ஒருவர் மட்டுமே. நடுத்தெரு: சேதம் இல்லை. ஒருவருக்கு உளமணிப் பழுது."

"வீடு போயிருக்கு பாருல, மூதி! கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினார் நயினார்.

"வீடுகளை நாங்கள் பார்ப்பதில்லை."

"அழலன்னா சேதமில்லன்னு எவன் ஒனக்குப் படிச்சுத் தந்தான்?"

"உங்கள் முன்னோர்கள்தாம்," என்றது துயர்மானி, மரியாதையாக. "நூறாண்டுக்கு முந்தைய செய்திகளே என் பாடங்கள். ஒவ்வொரு புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு அவர்கள் எழுதியிருக்கிறார்கள்: மக்கள் மனந்தளரவில்லை, மறுநாளே சிரித்தபடி எழுந்து நின்றார்கள், இந்த ஊரின் உறுதிக்குத் தலை வணங்குகிறோம். இடுப்பளவு நீரில் நின்று சிரிப்பவர்களின் படங்களும் உண்டு. எழுதியவர்கள் பெருமைப்பட்டிருக்கிறார்கள், படித்தவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அதன்பின் அந்த ஊர்களில் வாய்க்கால் தூர்வாரியதாகவோ சுவர் கட்டியதாகவோ பெரும்பாலும் செய்தி இல்லை. அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே வெள்ளம், அதே பாராட்டு. ஆகவே மக்கள் சிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று கற்றுக்கொண்டேன். நான் கற்றதில் பிழை உண்டா?"

 தெருவில் இருந்தவர்களால் கோபப்பட முடியவில்லை. கோபப்பட முடிந்த ஒரே மனிதருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

இயந்திரத்தின் பின்னால் வந்த பழுதுபார்ப்பவன், நல்ல பையன், நயினார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். கையில் விரல் நீளக் கருவி.

"ஒண்ணும் பயப்படாதீங்க தாத்தா. உங்க மணி ரொம்பப் பழசு, யாரோ புதுப்பிக்காம விட்டுட்டாங்க. வலிக்காது."

"என்னல அது?"

"நயினார் நிலைன்னு பேரு. நல்ல மருந்து. அந்தக் காலத்து ஏதோ பெரிய குடும்பத்துப் பேராம்."

அவர் அவன் கையைப் பிடித்தார். பிடி இறுகியது, கருவி காதுக்குப் பின்னால் பட்டதும் தளர்ந்தது. அழுகை பாதிச் சொல்லில் நின்றது. நாக்கு தானாக மேலே ஏறி ஒட்டிக்கொண்டது. ஆறுமுகநயினார் வேட்டியைத் தட்டி உதறி எழுந்தார். தகப்பனாரைப் போலவே நிமிர்ந்து நின்றார். துடுப்பை எடுத்துக் கழுவி, அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்த கஞ்சியைக் கிண்டினார். உடைப்பு வழியாக ஓதம் ஏறி வந்து அவர் கணுக்காலை நனைத்தது.

பையன் செய்திக்கு அனுப்புவதற்காகப் படக்கருவியைத் தூக்கினான்.

"தாத்தா, இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

அவர் சிரித்தார். பின்னால் தெரு முழுவதும் சிரித்தது.