விறகுக் கட்டம்

ஆலோசனை அறைக் கதவின் கைப்பிடி ஈரமாக இருந்தது. வெளியே சாயங்கால வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. மனநல ஆலோசகர் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தபடி, ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கட்டத்துக்குள் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அவள் தொழிலே அதுதான். யார் துன்பத்தோடு வந்தாலும் வெள்ளைப் பலகையில் நான்கு கட்டங்கள் போடுவாள். துன்பத்தின் வேர் எது, பற்றவைத்த பொறி எது, அணையவிடாத விறகு எது, தாங்கிப் பிடிக்கும் காப்பு எது. இன்று வரப்போகிற அம்மாவின் கட்டங்களை மறுபடி வரைந்து வைத்தாள். அந்த அம்மாவின் சின்ன மகள் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள். "அம்மா, துண்டு" என்று அவள் கூப்பிட்டபோது, போனில் பேசிக்கொண்டிருந்த அம்மா "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டாள்.

அன்றிலிருந்து, பொழுது சாய்ந்தால், ஆளில்லாத குளியலறைக்குள்ளிருந்து கதவு தட்டும் சத்தம். அம்மா ஓடிப்போய், "வந்துட்டேன்டா தங்கம்" என்று துண்டைக் கதவில் போடுவாள். சத்தம் அடங்கிவிடும். போன முறை அவள் வந்தபோது, அந்தப் பதிலைத்தான் ஆலோசகர் விறகுக் கட்டத்தில் எழுதினாள். பதில் சொல்லச் சொல்லத்தான் சத்தம் வளர்கிறது, இனி வாயே திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். காப்புக் கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த அம்மா வந்து உட்கார்ந்தாள். பாதி ஆளாக இளைத்திருந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே பதில் சொல்லல மேடம். தலையணைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன்."

"கஷ்டமாத்தான் இருந்திருக்கும். சத்தம் எப்படி இருக்கு?"

"தட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் அழுதா. நேத்து நின்னுடுச்சு."

ஆலோசகரின் மனதில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. "நல்ல விஷயம்தானே?"

"குளியலறைக் கதவு திறந்து கெடந்துச்சு மேடம். நான் திறக்கல. தரையில ஈரக் காலடி, வாசல் வரைக்கும்." அவள் குரல் உடைந்தது. "அம்மா வீட்டுல இல்லன்னு நெனச்சுத் தேடிப் போயிட்டா. இருட்டுன்னா பயந்து சாவா. இப்ப எங்க நிக்கிறாளோ."

ஆலோசகருக்குக் கைப்பிடி ஞாபகம் வந்தது. ஏசி இருந்தது எதிர்ச்சுவரில். அறையில் அதுவரை இல்லாத சோப்பு வாசனை, குழந்தைகளுக்குப் போடுகிற இளஞ்சோப்பின் வாசனை, மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே வந்தது. கதவின் அடியில் தெரிந்த வெளிச்சக் கோட்டின் நடுவே இரண்டு நிழல்கள் வந்து நின்றன. சின்னக் கால்கள்.

தட்டல் கேட்டது. கதவின் கீழ்ப்பாதியில்.

அந்த அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்ன பேச்சைத் தட்டாத நல்ல மாணவி.

மறுபடி தட்டல். பிறகு அழுகை. குளிரில் பல் கிட்டிய அழுகை.

ஆலோசகர் பலகையைப் பார்த்தாள். தப்பு. கட்டம் தப்பு. அந்தப் பதில் விறகு இல்லை. காப்பு. அதுதான் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்தது.

"பேசுங்க," என்றாள். "பதில் சொல்லுங்கம்மா."

அம்மா மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணீர் விரல்களின் மேல் வழிந்தது. கை விலகவில்லை.

வெளியே விம்மல். கேட்கச் சகிக்கவில்லை. எந்தப் பெண்ணுக்குத்தான் சகிக்கும்?

"வந்துட்டேன்டா தங்கம்," என்றாள் ஆலோசகர்.

அழுகை நின்றது. கைப்பிடி திரும்பியது.

"நான் இங்க இருக்கேன்டி!" அம்மா வாயிலிருந்து கையை எடுத்துக் கதறினாள். "அம்மா இங்க இருக்கேன்!"

கதவு இடைவெளியில் ஒரு சின்னக் கை நீண்டது. ஊறிச் சுருங்கிய விரல்கள். அது அந்தக் குரலின் பக்கம் திரும்பவே இல்லை. ஆலோசகரை நோக்கி, உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தது.

"அம்மா, துண்டு."