மிரட்டலுக்கு நடுவில் ஒரு ஜெபம்

போன் அலறியது!

காலை ஐந்து ஐம்பத்தொன்பது. மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் டேனி, பாதி முகத்தில் சவர நுரையோடு எடுத்தான். தெரியாத நம்பர்.

"ஹலோ..."

"இன்னைக்கு சிதம்பரத்துக்கு கார் பாக்கப் போற இல்ல?"

கரகரத்த குரல். வாயில் துணியைச் சுற்றிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

"யா... யாரு?"

"அந்த வெள்ளக் கார தொட்ட... நீ..."

டாங்... டாங்... டாங்...

மாதா கோயில் மணி! ஜன்னல் வழியாகவும் கேட்டது. போனுக்குள்ளும் கேட்டது.

மிரட்டியவன் மிரட்டலை அப்படியே நிறுத்தினான்.

மணி அடித்தால் எந்த வேலையானாலும் விட்டுவிட்டு மூவேளை ஜெபம் சொல்வது அந்தக் கோயிலின் பங்கு மக்கள் வழக்கம். டேனியும் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு பக்கமும் முணுமுணுப்பு. இரண்டு பக்கமும் ஆமென்.

"...செத்த!"

லைன் கட்!

ஹாலில் அவன் மனைவி சகாயசெல்வி பழைய கார் ஷோரூமுக்குக் கொண்டுபோகும் பையை நிரப்பிக்கொண்டிருந்தாள். நசுங்கலைப் பட்டி பூசி மறைத்த இடத்தைக் கண்டுபிடிக்கக் காந்தம், ஆயிலைத் துடைத்துப் பார்க்க வெள்ளைத் துணி, வண்டிக்கு அடியில் அடிக்க டார்ச். இவளைப் பெண் பார்க்கப் போனபோதுகூட டேனி வீட்டார் இவ்வளவு ஆராய்ச்சி செய்யவில்லை.

"செல்வி! போக வேணாம்! கொல பண்ணிடுவேன்றான்!"

"யாருங்க?"

"பெரிய கும்பல்! ஏற்கனவே ஒருத்தன போட்டுட்டானுங்க. அவன் பேரு சந்தியாகு!"

காந்தத்தோடு அவள் கை நின்றது.

"பேர அவனே சொன்னானா?"

"ஜெபத்து கடைசில சொன்னான்... 'சந்தியாகு ஆத்துமாவுக்காக'ன்னு. கொன்னுட்டு ஜெபம் வேற!"

"ஓ..." என்றாள். காந்தத்தைப் பையில் போட்டாள். "டீ போடறேன். ஆன்டோ வர்ற நேரமாச்சு."

என்ன பெண் இவள்!

டேனிக்கு ஏற்கனவே ஒரு தலைவலி. நான்கு மாதத்துக்கு முன் வாசலில் நின்ற அவனுடைய சிவப்புக் கார் மாயம். கண்ணாடி உடையவில்லை, பூட்டு நெம்பவில்லை. பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த இரண்டாவது சாவியை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்திருந்தார்கள். அதையும் காணோம். திங்கட்கிழமைக்குள் அந்தச் சாவியைக் காட்டாவிட்டால், தானே காரை விற்றுவிட்டு நாடகமாடுவதாக டேனி மேலேயே கேஸ் போடப்போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். டேனி மானத்துக்குப் பயந்தவன். ஒழுங்காகத் தூங்கியே வெகுநாள் ஆகிறது.

பைக் சத்தம். சகாயசெல்வியின் தம்பி ஆன்டோ வந்துவிட்டான். குறிஞ்சிப்பாடியில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட் வைத்திருப்பவன். வீடு அடுத்த தெரு. கார் தேறுமா என்று பார்த்துச் சொல்ல அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"என்ன மாமா, பாதி ஷேவிங்கோட நிக்கிறீங்க?"

"மச்சான்! கொல மிரட்டல்டா!"

"அய்யய்யோ! அப்ப சிதம்பரம் வேணாம் மாமா. உசுரு முக்கியம். பண்ருட்டில வேற வண்டி பாக்கலாம்."

சகாயசெல்வி டீ டம்ளரை நீட்டினாள்.

"ஆன்டோ, நம்ம தாத்தா பேரு என்னடா?"

"சந்தியாகு. ஏன்க்கா?"

டேனியின் வாய் பிளந்தது. கல்யாணத்துக்குப் பல வருஷம் முன்பே போய்ச் சேர்ந்த செல்வியின் தாத்தா பெயர் டேனிக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

"மணி அடிச்சா தாத்தாவுக்கு ஒரு வரி சேத்துச் சொல்லணும்னு அம்மா பழக்குனது நம்ம ரெண்டு பேரத்தான். காலைல நான் மனசுக்குள்ள சொன்னேன். நீ... போன்ல சொன்ன!"

ஆன்டோ கையிலிருந்து டம்ளர் நழுவியது. டீ தரையெல்லாம் ஓடியது.

"அக்கா... அது வந்து..."

"சொல்லுடா!"

"ஆன்லைன்ல ஆயிரம் கார் இருக்குக்கா! மாமா கரெக்டா அவரு காரையே புடிச்சிட்டாரு! செவப்பு மேல வெள்ளைய அடிச்சி... நம்பர மாத்தி..."

டேனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டேஷனுக்குப் போன ஒவ்வொரு தடவையும் கூடவே வந்து, தோளைத் தட்டி, டீ வாங்கிக் கொடுத்தவன் இந்த மச்சான்தான்!

"சாவி எங்கடா?"

"கா... காரோடவே குடுத்துட்டேன் மாமா. அந்த ஷோரூம்லதான் இருக்கு."

சகாயசெல்வி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"கெளம்புங்க. மொதல்ல இன்ஸ்பெக்டர். அவரையும் கூட்டிக்கிட்டு சிதம்பரம்."

ஆன்டோ தடாலென்று காலில் விழுந்தான்.

"மாமா! தாத்தா மேல சத்தியமா இனிமே பண்ண மாட்டேன்!"

டேனி நிதானமாக மீதி நுரையைத் துடைத்தான். நான்கு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"பன்னெண்டு மணிக்கு அடுத்த மணி அடிப்பாங்க மச்சான். லாக்கப்ல தாத்தா பேரோட ஒம் பேரையும் சேத்துக்க!"